சும்மா என்று எழுதிய சீட்டுகள்

அந்தச் சுகாதார நிலையத்துக்கு டாக்டர்கள் வருவதும் போவதும் வாசலில் நிற்கும் பேருந்தைப் போலத்தான். பேருந்துக்காவது புறப்படும் நேரம் எழுதி வைத்திருக்கும். பத்தொன்பது வருஷத்தில் பதினோரு பேரைப் பார்த்துவிட்டாள் சீட்டக்கா. கல்யாணத்துக்கு விடுப்பு எடுத்துப் போனவர் ஒருவர். மேற்படிப்புக்குப் போனவர்கள் நான்கு பேர். இன்னொருவர் வந்த அன்று காலையில் கூட்டத்தை எட்டிப் பார்த்தார். மத்தியானம், "இதோ வந்துடறேன்" என்று ஊசி போடும் நர்ஸிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

சீட்டக்கா என்பது ஜனங்கள் வைத்த பெயர். பதிவேட்டில் அவள் துப்புரவுப் பணியாளர், அதுவும் தற்காலிகம். ஏழாம் வகுப்பில் படிப்பு நின்றது. அம்மா படுக்கையில் விழுந்தாள், பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. ஆனால் கையெழுத்து மட்டும் முத்துக் கோத்து வைத்தாற்போல இருக்கும். சீட்டு எழுதுகிற குமாஸ்தா பிரசவத்துக்குப் போனபோது, "ரெண்டு நாளைக்கு நீ எழுதும்மா" என்றார்கள். அந்த இரண்டு நாள் பதினாறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. காலை ஆறரைக்குத் துடைப்பம், ஏழரைக்குப் பேனா. பேனா பிடித்ததற்கு ஒரு தாளிலும் சாட்சி கிடையாது.

வாய் அதிகம் பேசாதவள். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கக்கூடக் கூச்சப்படுவாள். அதனால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லோரும் நினைத்தார்கள். குனிந்த தலைக்குத்தான் நிறையத் தெரியும். யார் செருப்பை ஒரு காலில் மட்டும் இழுக்கிறார்கள், யார் பெஞ்சின் ஓரத்திலேயே உட்கார்ந்து கதவைப் பார்க்கிறார்கள், யார் மனைவி பேசும்போது மட்டும் இருமுகிறார்கள் என்பதெல்லாம் அந்தச் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் அவளுக்குக் கணக்கில் இருந்தது.

சீட்டில் அவள் எழுத வேண்டியது மூன்றே மூன்று. எண், பெயர், வயது. நான்காவதாக ஒன்றை எழுதும் பழக்கம் கண்ணாடி டாக்டர் காலத்தில் வந்தது. அவர் ஆறு வருஷம் இருந்தார். அந்தக் கட்டடத்துக்கு அது ஒரு யுகம். ஒருநாள் ஒரு அம்மா வந்து, "சும்மாதான் வந்தேன்" என்றாள். டாக்டர் சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். அவள் போன பிறகு சீட்டக்கா நர்ஸிடம், "அந்தம்மா ஒரு மணி நேரமா இடது கையையே புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாங்க" என்றாள். அது உள்ளே கேட்டுவிட்டது. இடது கை வலி மாரடைப்பின் தொடக்கமாக இருக்கலாம் என்று டாக்டர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப் பேருந்து நிறுத்தத்தில் அந்த அம்மாளைப் பிடித்தார். திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "இனிமே யாராவது சும்மா வந்தேன்னு சொன்னா அதையே சீட்டுல எழுதுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

அன்றிலிருந்து சீட்டில் 'சும்மா' என்றால், கதவைச் சாத்திவிட்டு விசாரிக்க வேண்டிய ஆள் என்று அர்த்தம். இது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். காய்ச்சல் வந்தவன் காய்ச்சல் என்பான். வயிற்று வலிக்காரன் வாசலிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வேலையை விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, கேட்டால் சும்மா என்பவன் சும்மா வந்திருக்க மாட்டான்.

கண்ணாடி டாக்டரும் ஒருநாள் போனார். அதன்பின் வந்த மூன்று பேர் சீட்டில் எண்ணை மட்டும் பார்த்தார்கள். அவள் கை மட்டும் பழக்கத்தை விடவில்லை. எழுதிக்கொண்டே இருந்தாள், கிணற்றில் கல்லைப் போடுவது போல.

பதினோராவதாக வந்தவள் சின்ன டாக்டர். இருபத்தாறு வயது. முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, தோளில் ஒரு கனமான பை. ஒரு வருஷம் இப்படி ஓர் இடத்தில் வேலை பார்த்தாக வேண்டும் என்பது சட்டம். முடித்தால் பெரிய ஆஸ்பத்திரியில் இதயப் பிரிவில் இடம் தயாராக இருந்தது. பரீட்சை மதிப்பெண் வரிசையில் இரண்டாவதாக வந்த பெண் என்று நர்ஸ் விசாரித்து வந்து சொன்னாள்.

"ரெண்டாவதா வந்த பொண்ணு நம்ம ஊரு சளியெல்லாம் பாக்கணும்னு தலையெழுத்து பாருக்கா."

தினம் மத்தியானம் சின்ன டாக்டரின் அப்பா போன் செய்வார். "இன்னும் எத்தனை நாளும்மா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கூடப் படித்தவர்கள் போனில் அனுப்பும் கிண்டலை அவளே சில நேரம் படித்துக் காட்டுவாள். "சளி டாக்டர், சௌக்கியமா? நான் இன்னிக்கு ஒரு இதயத்தைத் திறந்தேன், நீ எத்தனை மூக்கைத் திறந்தே?" சிரிப்பாள். சிரித்து முடித்த பிறகு அந்த முகம் என்னவாகிறது என்பதை ஜன்னல் வழியே ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்த இரண்டாவது வாரம் சின்ன டாக்டர் ஜன்னல் பக்கம் வந்து, "அக்கா, சீட்டுல எழுதறீங்களே, ரொம்ப உதவியா இருக்கு" என்றாள்.

சீட்டக்காவுக்குக் காது வரை சூடேறியது. கண்ணாடி டாக்டர் எங்கோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், இந்தப் பெண் அதைப் படித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். "சரிங்க டாக்டரம்மா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவள் கேட்கவில்லை, இவள் சொல்லவில்லை. நான்கு மாதம் ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை தையல்காரர் வந்தார். சந்தைத் தெரு முனையில் கடை. வேலை நாளில் கடையைப் பூட்டுகிற மனிதர் அல்ல. மகள் கல்யாணத்துக்கே மத்தியானம் வரை தைத்துக்கொண்டிருந்தவர் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் காலை எட்டு மணிக்குப் பெஞ்சில் உட்கார்ந்து, ஈ ஓட்டுவதைப் போலக் கண்ணுக்கு முன்னால் கையை இரண்டு முறை வீசினார். ஈ ஒன்றும் இல்லை.

"என்ன பண்ணுதுங்க?" என்று ஜன்னலில் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான். பிரஷர் பாத்துட்டுப் போலாம்னு."

எண் நாற்பத்தொன்று. பெயர், வயது. கீழே 'சும்மா'. அதன் அடியில் ஒரு கோடும் இழுத்தாள். அன்று அறுபத்தெட்டுப் பேர். தையல்காரர் உள்ளே போய் இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்தார். இதென்ன இவ்வளவு சீக்கிரம் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குள் சீட்டுக்கு வந்த அடுத்த ஆள் ஜன்னலைத் தட்டினான்.

இரண்டு வாரம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தையல்காரரின் வலது கண்ணில் விழித்திரை கிழிந்து பிரிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பவில்லை. பத்து நாள் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அந்த டாக்டர் இரண்டு வரியில் எழுதியிருந்தார். கண் முன்னால் கறுப்பு நூல்கள் பறப்பதாக நோயாளி முன்பே உணர்ந்திருக்கிறார் என்றும் இருந்தது. தைக்கிற மனிதனுக்குக் கண் முன்னால் நூல் பறந்தால் அதை யாரிடம் போய்ச் சொல்வான்? சிரிப்பார்கள் என்று பயந்து பிரஷர் பார்க்க வந்திருக்கிறார்.

சின்ன டாக்டர் கடிதத்தை மூன்று முறை படித்தாள். மத்தியானம் அப்பா போன் செய்தபோது கதவு திறந்தே இருந்தது.

"இல்லப்பா, என் முன்னாடிதான் உக்காந்திருந்தாரு. பிரஷர் நல்லா இருக்குன்னு அனுப்பிட்டேன். சும்மா வந்தவர்னு சீட்டுலயே போட்டிருந்துச்சு, நானும் அப்படியே..." கடிதத்தை மடித்தாள். "இது என்னால முடியாதுப்பா. எல்லாத்தையும் பாக்கறேன்னு உக்காந்து ஒண்ணையும் பாக்காம விட்டுடறேன். அங்க போனா ஒரே ஒரு உறுப்பு. அத ஒழுங்கா கத்துக்கறேன். மாசக் கடைசி திங்கக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. அந்த இடத்துக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்."

வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்த சீட்டக்காவின் கை நின்றது. 'சும்மா வந்தவர்னு சீட்டுலயே போட்டிருந்துச்சு.' உதவியாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னதன் பொருள் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கதவைச் சாத்தி விசாரிக்க வேண்டியவர்களை எல்லாம் நான்கு மாதமாக இவள் அடையாளம் போட்டுக் கொடுக்க, அவள் இரண்டு நிமிஷத்தில் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். சீட்டே எழுதாமல் இருந்திருந்தால்கூட அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை அதிகம் கேட்டிருப்பாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பேருந்துப் பணிமனையில் காவல். அவர் கிளம்பும் நேரமும் அவள் வந்து சேரும் நேரமும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு போகும்; இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் பாதியை இருவரும் வாசற்படியில்தான் நடத்தினார்கள். நடந்ததைச் சொன்னாள்.

"சொல்லாம விட்டா என்ன ஆகும்?" என்றார் அவர், டார்ச்சைத் தட்டிப் பார்த்தபடி.

"ஒண்ணும் ஆகாது. யாருக்கும் தெரியாது."

"சொன்னா?"

"கூட்டறவளுக்குச் சீட்டுல என்ன வேலைன்னு கேப்பாங்க. அதுவும் போகும், இதுவும் போகும்."

"அப்ப ஏன் என்கிட்ட கேக்கற?"

"கேக்கலீங்க. சொல்றேன்."

"அதான பாத்தேன். கேக்கறவ மூஞ்சி இப்படி இருக்காது." கதவருகே நின்றார். "அந்தப் பொண்ணு போனா போகட்டும்னு இருக்க முடியாதா? பத்தோட பதினொண்ணு."

"தையல்காரர் ஒருத்தர்தான்னா இருந்திருப்பேன். இன்னும் எத்தனை பேருக்கு எழுதிக் குடுத்தேன்னு எனக்கே கணக்கு இல்ல."

மறுநாள் ஏழு மணிக்கே சின்ன டாக்டர் வந்துவிட்டாள். தூங்காத கண்கள். சீட்டக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். உள்ளே போய் மேஜைக்கு முன்னால் நின்றாள். நோயாளியின் நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்காரத் தோன்றவில்லை.

"டாக்டரம்மா, சும்மான்னு நான் எழுதினா ஒண்ணுமில்லன்னு அர்த்தம் இல்லீங்க."

"என்னது?"

"ஏதோ இருக்கு, கேளுங்கன்னு அர்த்தம். முன்னாடி இருந்த டாக்டர் வச்ச பழக்கம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன்."

சின்ன டாக்டரின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"நாலு மாசம்க்கா. நாலு மாசமா தினம் என்னைப் பாக்கறீங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலீங்க."

"எனக்கு எப்படித் தெரியும் கேக்கணும்னு?"

எத்தனை பேருக்குச் சொல்வது, சொன்னவுடன் அவர்கள் போய்விடுகிறார்கள் என்று ஒரு பதில் இருந்தது. அது அந்த இடத்தில் சொல்லத் தகுந்ததாக இல்லை. சீட்டக்கா தலை குனிந்துகொண்டாள். அவள் அழவில்லை. அழுதால் அந்தப் பெண் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுமையை அவள் தலையில் வைக்க இவளுக்கு மனசு வரவில்லை.

"நான் மேல எழுதித்தான் ஆகணும்" என்றாள் சின்ன டாக்டர்.

"எழுதுங்க."

"நீங்க எழுதினது, நான் புரிஞ்சிக்காம விட்டது, ரெண்டையும் எழுதுவேன்."

"சரிங்க."

சின்ன டாக்டர் ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டு, வேறு குரலில் கேட்டாள். "பழைய சீட்டெல்லாம் எங்க போகும்?"

அவை எங்கும் போவதில்லை. மருந்து அறையின் பின்னால் ஓர் இரும்பு அலமாரியில், வாரம் ஒரு கட்டாகச் சணல் கயிற்றில் கட்டி சீட்டக்காவே அடுக்கி வைத்திருந்தாள். அன்று நோயாளிகள் போன பிறகு நர்ஸும் சேர்ந்து மூவரும் தரையில் உட்கார்ந்து பிரித்தார்கள். நான்கு மாதத்துக் கட்டுகளில் முப்பத்தாறு சீட்டுகளில் அந்தச் சொல் இருந்தது.

"முப்பத்தாறும் சும்மாவா?" என்றாள் நர்ஸ். "நம்ம ஊருல வேலையத்தவன் இவ்வளவு பேரா?"

யாரும் சிரிக்கவில்லை. பிறகு சின்ன டாக்டர்தான் முதலில் சிரித்தாள், களைத்துப்போய்.

பதினேழு நாள் அந்த முப்பத்தாறு பேரைத் தேடினார்கள். சிலருக்குப் போன். போன் இல்லாதவர்களுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். எதற்கும் அசையாதவர்கள் வீட்டுக்குச் சாயங்காலத்தில் சின்ன டாக்டரே போனாள். வழி காட்ட சீட்டக்கா. வழி நெடுக இருவரும் அதிகம் பேசவில்லை. கோபம் போய்விட்டதா, இருக்கிறதா என்று தெரியாத ஒரு மௌனம். ஒருமுறை மட்டும் சின்ன டாக்டர், "இந்த வீட்டுல யார் யார் இருக்காங்க?" என்று கேட்டாள். சீட்டக்கா சொன்னாள். அடுத்த வீட்டுக்கும் கேட்டாள்.

பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. லாரி ஓட்டுபவர் ஒருவருக்குச் சர்க்கரை கூடியிருந்தது. பள்ளிக்கூட ஆயா ஒருத்தி மார்பில் ஒரு கட்டியை ஆறு மாதமாக மறைத்து வைத்திருந்தாள். கதவைச் சாத்தியதும் தானாகவே ரவிக்கைக் கொக்கியைக் கழற்றிவிட்டாள். அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒரு இளம்பெண்ணுக்கு வியாதி இல்லை, புருஷன்தான் இருந்தான். அவன் கை பட்ட இடங்கள் முதுகில் இருந்தன. ஒரு வீடு பூட்டிக் கிடந்தது, எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டிலும் தெரியவில்லை. பெருசு ஒன்று மட்டும் எரிந்து விழுந்தது.

"ஏம்மா, நான் சும்மாதான் வந்தேன்னு அன்னிக்கே சொன்னேன்ல? வீட்டுல கரண்டு இல்ல, உங்க பெஞ்சு மேல ஃபேன் நல்லா சுத்துது. வரக் கூடாதா?"

"வாங்க தாத்தா, தாராளமா வாங்க" என்றாள் சின்ன டாக்டர். திரும்பி வரும் வழியில், "நல்லவேளை, ஒருத்தராவது" என்று முணுமுணுத்தாள்.

மத்தியான போன்களில் அப்பாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. "கையெழுத்துப் போட்டாச்சா?" "இன்னும் இல்லப்பா." "என்னம்மா பண்றே அங்க?" "ஆள் தேடறேன்பா." அவர் புரியாமல் வைத்துவிடுவார். அவளுக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. மேலே எழுதிய கடிதத்துக்கும் பதில் வரவில்லை. ஒவ்வொரு நாளும் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டதும் சீட்டக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பாள்.

பட்டியலில் கடைசியாகத் தையல்காரர் நின்றார். அவரை இருவருமே ஒத்திப் போட்டு வந்தார்கள். மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இனிமேல் ஒத்திப் போட நாள் இல்லை என்றானபோது போனார்கள்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. தையல் எந்திரம் துணி போர்த்திக் கிடந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து பழைய சட்டை ஒன்றின் தையலை விரலால் தடவிப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி நாற்காலி போடவில்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்களா?" என்றாள். "எழுதினவங்களும் பாக்காதவங்களும். நல்லாருக்கு."

ஊருக்குள் பேச்சு வந்துவிட்டது என்பது அப்போது தெரிந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சின்ன டாக்டர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சீட்டில் என்ன இருந்தது, தான் அதை எப்படிப் படித்தாள், என்ன கேட்டிருக்க வேண்டும், கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும். ஒன்றையும் மறைக்கவில்லை. "எம்மேலயும் தப்பு இருக்குங்க" என்று சீட்டக்கா சொன்னது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

தையல்காரர் சட்டையை மடியில் வைத்தார். "நானும் சொல்லலியே" என்றார்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மனைவி. "கண்ணு போனது உங்களுக்கு. இவங்களுக்குச் சமாதானமா சொல்லணும்?"

"சமாதானம் சொல்லலடி." அவர் நல்ல கண்ணைத் திருப்பிச் சின்ன டாக்டரைப் பார்த்தார். அதற்குத் தலையை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. "அந்தக் கண் டாக்டர் சொன்னாரு, ஒரு கண்ணுக்கு வந்தா இன்னொண்ணுக்கும் வரலாமாம். அடிக்கடி பாக்கணுமாம். நூல் பறந்தா, வெளிச்சம் மின்னுனா அன்னிக்கே வரணுமாம். அங்க போக ரெண்டு பஸ் மாறணும். இங்கதான் வரணும். வந்தா, யாரு இருப்பா?"

சின்ன டாக்டர் துணி போர்த்திய எந்திரத்தைப் பார்த்தாள்.

"நீங்க போறீங்களாமே. பெரிய எடத்துக்கு. அடுத்து வர்றவங்ககிட்ட நான் மறுபடி முதல்லேருந்து சொல்லணும். ஒருதரம் சொல்றதுக்கே எனக்கு வாய் வரல. அதான் கேக்கறேன். யாரு இருப்பா?"

கேள்வியில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. கால்சட்டை எந்தத் தேதிக்கு வேண்டும் என்று கேட்பதைப் போலக் கேட்டார். சின்ன டாக்டர் தன் பையின் வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"போகல" என்றாள்.

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது போல இருந்தது. முகத்தில் வெளிச்சமெல்லாம் வரவில்லை. ரொம்ப தூரம் நடந்தவள், இன்னும் அவ்வளவு தூரம் இருக்கிறது என்று கேள்விப்பட்டவளைப் போல நின்றாள். தையல்காரரின் மனைவி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பொத்தென்று போட்டாள். சின்ன டாக்டர் அதில் உட்கார்ந்து, பையிலிருந்து சின்ன விளக்கை எடுத்து, அவருடைய இடது கண்ணைப் பார்க்கத் தொடங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

பேருந்து நிறுத்தத்தில் சிமெண்டுத் திண்டு சூடாக இருந்தது. போன் அடித்தது. அப்பா. சின்ன டாக்டர் திரையைப் பார்த்தாள், அடித்து ஓயும் வரை பார்த்தாள்.

"அப்பா ரொம்பக் கத்துவாரு" என்றாள்.

"கத்தட்டும். பெத்தவங்க கத்தாம யாரு கத்துவா?"

"மூணு வருஷம்க்கா. இதுக்கும் தனியா ஒரு படிப்பு இருக்கு, குடும்ப டாக்டருக்கு. இங்கயே இருந்து படிக்கணும். யாரும் கேட்டு வர மாட்டாங்க, அதனால இடம் கெடைக்கும்." செருப்பைக் கழற்றிக் காலைத் தரையில் நீட்டினாள். "எனக்கு இது பிடிச்சுதான் பண்றேனான்னுகூடத் தெரியல. விட்டுட்டுப் போக முடியல, அவ்வளவுதான்."

சீட்டக்காவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். முழங்கால் வலிதான் வந்தது. மூன்று வருஷம் என்றால் மூன்று வருஷம் இந்தப் பெண்ணிடம் வாய் திறந்து பேசியாக வேண்டும், கூச்சத்தைச் சாக்குச் சொல்ல முடியாது என்று நினைத்தபோது உடம்பே அசதியாக இருந்தது. அதுவும் மேலிடத்துப் பதில் அவளைக் கூட்டவும் விடாமல், எழுதவும் விடாமல் வீட்டுக்கு அனுப்பாமல் இருந்தால்.

"நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க?"

"திங்கக்கிழமை. எழுபதுக்குக் குறையாது."

"எழுபதா" என்றாள் சின்ன டாக்டர், கண்ணை மூடியபடி.

பேருந்து வந்து நின்றது. எழுந்திருக்க இருவருக்கும் ஒரு கணம் பிடித்தது.